சீக்கிரம் நின்றுவிடும் பேரிங்

சைக்கிள் கடையில் என் மனைவியிடம் தோற்றுப்போனேன். புதிதில்லைதான்... ஆனால் இந்தத் தோல்வியை எழுதியே ஆக வேண்டும்.

மல்லிகா அங்கன்வாடி டீச்சர். சைக்கிளில்தான் போவாள். வழியில் ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் அதன்மேல் தண்ணீர் தேங்கி நிற்கும். போன மழைக்கு, பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் தண்ணீர் போய், பேரிங் துருப்பிடித்து, சக்கரம் நடுவழியில் இறுகிவிட்டது. அங்கன்வாடிச் சாவி அவளிடம்! பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளைகள் நனைந்தார்கள். சிலருக்குக் காய்ச்சல். அதிலிருந்து மேகம் கறுத்தாலே இவளுக்குப் பதற்றம்.

இந்த முறை மழைக்கு முன்பே வேலந்தாவளத்துச் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் காசிம் பாய் பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதில் இரண்டு வகையை எங்கள் முன்னால் வைத்தார். ஒரே அளவு. ஒன்றுக்குத் தகர மூடி, மற்றதற்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பேரிங்கை விரலில் மாட்டிச் சுண்டிவிடுவோம். ரொம்ப நேரம் சுற்றினால் நல்ல பேரிங் — சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பது மாதிரி. தகர மூடி விர்ரென்று சுற்றியது. ரப்பர் மூடி சுண்டியதுமே நின்றுவிட்டது.

"இதையே போடுங்க பாய்" என்று தகர மூடியை நீட்டினேன், பெரிய நிபுணர் தோரணையில்.

"ஏனுங்க, வெரல்ல போட்டுச் சுத்தறதுக்கா வாங்கறோம்?" என்றாள் மல்லிகா. "பாய், தண்ணி உள்ள போகாதது எதுங்க?"

"ரப்பர்தானுங்க டீச்சர். ஆனா மிதிக்க கொஞ்சம் இறுக்கமா இருக்குமுங்க..."

"மிதிக்கறது நானுங்க. அதையே போடுங்க."

வீடு வரும்வரை கிண்டலடித்தேன்.

இந்தத் திங்கட்கிழமை அடைமழை. மனசு கேட்காமல் ஸ்கூட்டரில் அவள் பின்னாலேயே போனேன். தரைப்பாலத்துத் தண்ணீரில் என் ஸ்கூட்டர் இருமியது... அணைந்தது.

"நீங்க மெதுவா வாங்க!" என்று கத்திவிட்டு மல்லிகா மிதித்துப் போய்விட்டாள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன அந்தச் சைக்கிளைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

எதை வாங்கினாலும் கடையில் அது எப்படி ஜொலிக்கிறது என்றுதான் பார்க்கிறோம். நம் பாதையில் எப்படி ஓடும் என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்?

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே அங்கன்வாடி போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் தலை துவட்டி, வரிசையாக உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டீங்களா? அந்தக் கடைசியில உக்காருங்க" என்றாள் டீச்சர்.

உட்கார்ந்தேன். கை கட்டிக்கொண்டு!