அவர் முறுக்கி வைத்த திருகு

எங்கள் வீட்டில் மனிதர்களைவிடத் தையல் மெஷினுக்குத்தான் கால் அதிகம். ஊசியை ஒட்டித் துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புத் துண்டைக் கால் என்போம். ஓரத்தை மடித்துக் கொடுக்க ஒன்று, நாடா வைத்துத் தைக்க ஒன்று, துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ள ஒன்று. அந்தச் சுருக்குக் காலை மாட்டி என் வீட்டுக்காரர் பாவாடை ஓரம் தைத்தால், ராயப்பன்பட்டிப் பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் அரை நாள் உட்கார்ந்து கையால் குத்துகிற சுருக்கு, அவர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, வெற்றிலை போடுகிற நேரத்தில் வந்து விழும். எனக்குப் பொறாமைதான். உபதேசியார் மகள், நாலு எழுத்துப் படித்தவள் என்ற திமிர் வேறு. "அந்த இரும்புக்கு இருக்குற அறிவு உங்களுக்கு இல்ல" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே சுற்றுவார்.

மலையில் ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கூடாரம் தைக்க ஆள் வேண்டும் என்று கூடலூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கம் மழை பொய்த்த வருஷம். யார் புதுத் துணி தைப்பார்கள்? அவர் புறப்பட்டார். மெஷினுக்கு வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டு, கால்கள் இருந்த தகரப் பெட்டியை மட்டும் என் கையில் கொடுத்தார்.

"கூடாரத்து முரட்டுக் கித்தானுக்கு இதெல்லாம் எதுக்கு? சாதாக் கால் ஒண்ணு போதும். மகளோட புதுநன்மைப் பாவாடைய நான் வந்துதான் தைப்பேன். நீ கையால குத்திக் கெடுத்துராத, புள்ள."

"வாரதுன்னா வாங்க. இல்லைன்னா நானே குத்திக்கிறேன்" என்றேன். எனக்கு அன்பாகப் பேச வராது. அது அவருக்கும் தெரியும்.

பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளைத்தான் புதுநன்மை என்போம். வெள்ளை உடுத்திக்கொண்டு கோயிலுக்குள் நடக்க வேண்டும். அதற்கான மெல்லிய மல் துணியை அவர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். மகள் தினமும் அதைப் பிரித்துப் பார்த்து மடித்து வைப்பாள்.

"அய்யா எப்ப வருவாக ஆத்தா?"

"ஒன் சுருக்க நெனச்சு ஓடி வருவாக பாரு" என்று சொல்லி வைப்பேன்.

வந்தது மெஷின்தான். வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"மலைக்காய்ச்சலு, தாயி. ரொம்பக் கஷ்டப்பட்டாக. குமுளிக்காச்சும் எறக்கிறலாம்னு பாத்தோம், முடியல. அங்கனயே காட்டுக்குள்ள அடக்கம் பண்ணி, கல்லு ஒண்ணு நட்டு வச்சிருக்கோம். சாமியாரு இல்ல. நம்ம ஆளுகளே செபம் சொன்னாக."

மெஷினில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எதுவும் இல்லாமல் போன பிறகுதான் அழுதேன். ஊர் கூடிவிட்டது.

கல்லறைத் திருநாள் வந்தபோது ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தி கொண்டு போனது. எனக்குப் போக இடமில்லை. மெஷின் பக்கத்தில் ஒன்றை ஏற்றி வைத்தேன். பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

புதுநன்மை நெருங்கியது. துக்க வீட்டில் வெள்ளைப் பாவாடையா என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். பிள்ளை வாங்கும் நன்மையைத் தகப்பன் ஆத்துமத்துக்கு ஒப்புக்கொடுக்கட்டும் என்று பங்குச் சாமியார் சொன்னதும் அடங்கினார்கள்.

தகரப் பெட்டியைத் திறந்து சுருக்குக் காலை எடுத்து மாட்டினேன். மல்லில் வெட்டி மிஞ்சிய துண்டொன்றை வைத்துச் சுற்றியதும் அது நசுங்கிக் கிழிந்தது. இன்னொரு துண்டு வைத்தேன். அதுவும் கிழிந்தது. அப்புறம்தான் புரிந்தது. காலுக்கு மேலே, அதை மாட்டுகிற கம்பியின் தலையில் ஒரு திருகு உண்டு. அதை முறுக்கினால் கால் இறுகும், தளர்த்தினால் இளகும். கித்தானுக்காக அவர் அதை இறுக்கி வைத்திருந்தார். மெல்லிய துணிக்கு அவர் தளர்த்துவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

திருகின் மேல் விரலை வைத்தேன். சுற்ற மனம் வரவில்லை. காய்ச்சல் பட்டதென்று அவர் துணியையெல்லாம் மலையிலேயே எரித்துவிட்டார்கள். உடம்பும் அங்கேதான். அவர் கை வைத்தது வைத்தபடி இந்த வீட்டில் இருந்தது அந்த இறுக்கம் ஒன்றுதான்.

மகள் துணியை மடியில் வைத்துக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுருக்கு வேணாம் ஆத்தா. வெறும் பாவாட போதும்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. மடியில் இருந்த துணியின் ஓரத்தை விரலால் சுருக்கிக்கொண்டேயிருந்தாள். வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. திருகைத் தளர்த்தினேன்.

சுருக்கு ஒழுங்காக, அலை அலையாக வந்து விழுந்தது. கோயிலில் அவள் நடந்தபோது, "அவுக தச்ச மாதிரியே இருக்கு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

வீட்டுக்கு வந்து பாவாடையை மடித்து வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். திருகை அவர் வைத்திருந்தபடியே வைத்துவிடலாம் என்று பார்த்தேன். எவ்வளவு தளர்த்தினேன் என்று நினைவில்லை. கொஞ்சம் முறுக்கினேன், கொஞ்சம் விட்டேன், மறுபடி முறுக்கினேன். சாதாக் காலை மாட்டி, மெஷினோடு வந்திருந்த கித்தான் துண்டு ஒன்றை வைத்துச் சுற்றினேன். தையல் நன்றாகவே விழுந்தது. ஆனால் அது நான் வைத்த இறுக்கம்.