உப்புப் பார்க்காத சூப்பு

அடுப்பை அணைத்துவிடலாமா என்று நாலாவது தடவையாக எழுந்து போய்ப் பார்த்தேன். ஆட்டுக்கால் எலும்பு இன்னும் மெதுவாகத்தான் கொதிக்கிறது. சுங்கை பட்டாணி டவுனில் ஆயுர்வேத மருத்துவர் என் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, வாதம் ஏறியிருக்கிறது, எலும்புச் சாறு வைத்துக் குடியுங்கள், தீயை மட்டும் கூட்டாதீர்கள் என்றார். அது என்னால் ஆகிற காரியமா? பிறந்ததிலிருந்து எனக்குக் காலில் சக்கரம். அந்தக் காலிலேயே வலி வந்திருக்கிறது, சிரிக்காதீர்கள்.

சுக்கு வாசனை கிளம்பியது. சுக்குக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பாடாங் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பால்மரம் சீவ ஆளில்லாத குடும்பத்துக்கு தோட்டம் கொடுக்கிற லயத்து வீடு கிடையாது என்று ஆபீஸ் கணக்கு பார்க்கிற கிராணி ஒரு தடவை சொன்னார், அம்மா நூறு தடவை சொன்னாள். முறிந்த கால் கூடிவர வேண்டுமென்று தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு ஒரு மண்டலம் விரதம் பிடித்தாள். அதே வாரம் டவுன் வைத்தியர் சொன்னார்:

"ஆட்டுக்கால் சூப்பு குடுங்கம்மா. சுக்கு, மிளகு, சீரகம் போட்டு மெதுவா கொதிக்கட்டும். நல்லா பசி எடுத்தப்புறம்தான் குடுக்கணும்."

விரத வீட்டில் ஆட்டுக்கால்! எந்தக் காலுக்காக விரதமோ அதே காலுக்காகத்தான் சூப்பும். அம்மா யாரையும் யோசனை கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, தனிச் சட்டியில் வைத்தாள். வேலை முடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவாள். ஒரே தொல்லை, விரதக்காரி அதை வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. ஆகவே கடைசியில் உப்புப் போட்டு ருசி பார்ப்பது என் வேலை.

எனக்கோ அந்தக் கவுச்சி ஆகாது. மத்தியானம் நான் வேலைக்குப் போகிற பேக்டரி பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும்.

"உப்பு பாத்தியாடி?"

"பாத்தேம்மா, சரியா இருக்குலா!"

முதல் நாள் சத்தியமாக மறந்துதான் போனேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டார். மறுநாள் போடலாம் என்றால், 'இன்னிக்குத்தான் உப்பு இருக்கு' என்று அவர் சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வேனே! போடாமலே ஓடினேன். அதுவே வழக்கமாகிப் போனது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். என் புளுகால் மருந்து பலிக்காமல் போனால்? வீட்டைக் காலி பண்ணச் சொன்னால்? வேலையில் கை ஓடாது. திரும்பி வந்ததும் மாவுக்கட்டுக்கு வெளியே தெரிகிற அப்பாவின் கால்விரல் அசைகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். மறுநாள் மறுபடி அதே ஓட்டம். வெட்கங்கெட்ட ஜென்மம்.

கால் கூடிவிட்டது. தைப்பூசம் முடிந்து விரதம் விட்ட பிறகு, ஒரு நாள் அம்மா முதல் தடவையாக அந்தச் சூப்பை வாயில் வைத்தாள்.

"என்னாங்க, உப்பே இல்ல! இத்தன நாளா இதையா குடிச்சீங்க?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான்தான் போட வேணாம்னு புள்ளகிட்ட சொன்னேன். நீ கறிய விட்டே, நான் உப்ப விட்டேன். காலு என்னோடதுலா."

என்னிடம் அவர் அப்படிச் சொன்னதே கிடையாது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே போனாலும் "எங்க வீட்டுக்காரரு எனக்காக உப்ப விட்டவரு" என்று பெருமை பேசுவாள். அப்பா போன பிறகு இன்னும் அதிகமாகப் பேசினாள். தோட்டத்தை அழித்துத் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் கட்டிய பிறகும், அங்கே குடிவந்த புது ஆட்களைப் பிடித்து வைத்துச் சொல்வாள். பக்கத்தில் நான் நெளிந்துகொண்டு நிற்பேன். உண்மை எத்தனையோ தடவை தொண்டைவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன்.

போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். இப்போது யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், இதோ உங்களிடம் சொல்லிவிட்டேன். "அடிப்பாவி" என்று என்னைத் திட்டத்தான் ஆளில்லை.