மூணு தடவை கூப்பிட்ட பேரு

மூணு வருசம் முந்தி, ஆடிக்காத்து ஆளைத் தள்ளிட்டுப் போற மாசத்துல நடந்ததுங்க இது. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கோர்ட்டு. எந்தக் கோர்ட்டுன்னு கேக்காதீங்க. அந்தப் புள்ள எந்த ஊரு, என்ன வயசுன்னும் கேக்காதீங்க. ஏன் சொல்ல மாட்டேங்கறேன்னு படிச்சு முடிக்கறப்போ உங்களுக்கே தெரியும்.

நான் கோர்ட்டுல டவாலி. எங்க வீட்டுக்காரர் பார்த்த வேலை. அவர் தவறினதுக்கப்புறம் வாரிசு வேலையா எனக்கு வந்துச்சு. சிவப்புப் பட்டையைக் குறுக்கால போட்டுட்டு வராந்தாவுல நின்னு, கேஸுக்கு வந்தவங்க பேரை மூணு தடவை சத்தமாக் கூப்பிடணும். மூணு தடவை கூப்பிட்டும் வரலீன்னா ஆள் ஆஜராகலைன்னு எழுதிருவாங்க. நான் கூப்பிட்டா கேட்டுக்கு வெளிய டீ குடிக்கறவங்களுக்குக் கூடக் கேக்கும். "இந்த அம்மணிக்கு மைக்கே வேண்டாமுங்க"ன்னு வக்கீலுங்க கிண்டல் பண்ணுவாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான். பத்தாவதோட நின்னவ, பெருமைப்பட்டுக்க வேற என்ன இருக்கு?

அந்த மாசம் குழந்தைங்க கேஸைப் பார்க்கற கோர்ட்டுல இருந்த உதவியாளருக்கு ஆபரேசன். அவங்க வர்ற வரைக்கும்னு என்னை அங்க போட்டாங்க. மொத நாளே கிளார்க்கம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க. இங்க யாரு பேரையும் கூப்பிடக்கூடாது. புள்ளைங்க தனி ரூம்ல இருப்பாங்க, நீங்களே போய் மெதுவாக் கூட்டிட்டு வரோணும். பேரு, ஊரு, அப்பா பேரு, படிக்கற ஸ்கூலு, ஒண்ணும் வெளிய போகக்கூடாது, சட்டமே அப்படித்தான். பட்டையைப் பார்த்தா புள்ளைங்க பயப்படும், அதையும் கழட்டிருங்கன்னாங்க. சரிங்கன்னு கழட்டி மடிச்சு வெச்சேன். மூணு நாள் ஒழுங்காத்தான் போச்சு.

நாலாம் நாள் துடியலூர்ல இருந்தே பஸ்ஸுல நின்னுட்டு வந்தேன். போனதும் பக்கத்துக் கோர்ட்டுல ஆளில்லைன்னு கூப்பிட்டாங்க. அங்க ஓடி, நெலத் தகராறு கேஸுப் பேரையெல்லாம் ஒவ்வொண்ணாக் கூப்பிட்டு முடிச்சு, வீங்கின காலை இழுத்துட்டு மறுபடி இங்க வந்தேன். ஒரு வாய் தண்ணி குடிக்கலை. கிளார்க்கம்மா ஒரு தாளை நீட்டி, "அடுத்து இவங்களை வரச் சொல்லுங்க"ன்னாங்க. தாளை வாங்கினேன். காலு தானா வராந்தாவுக்குப் போச்சு. வாயும் தானாத் தொறந்துச்சு.

அப்பா பேரு, ஊரு பேரு, புள்ள பேரு. ஒரு தடவை கூப்பிட்டேன். ரெண்டாந்தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை பாதியில ஒரு கை வந்து என் வாயைப் பொத்துச்சு. அந்தப் புள்ளையோட அம்மா. கை சில்லுனு இருந்துச்சு. அவங்க திட்டக்கூட இல்லை. "வேண்டாமுங்க்கா, வேண்டாமுங்க்கா"ன்னு அதையேதான் சொன்னாங்க. அப்பத்தான் நான் என்ன செஞ்சுபோட்டேன்னு எனக்கு உறைச்சுது. அய்யோ, அந்த நிமிசம் பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு.

வராந்தாவுல நெலக் கேஸுக்கு வந்திருந்த ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, அது நம்மூருப் புள்ளையாச்சே, இங்க என்ன கேஸுங்க?"ன்னார். பேரு மாறிப்போச்சுங்க, அது வேற ஆளுங்கன்னு உளறினேன். என் பொய் எனக்கே நிக்கலை. அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். ரூம் கதவுல எட்டிப் பார்த்த புள்ளையையும் பார்த்துட்டார். அப்புறம் போனை எடுத்துக் காதுல வெச்சுட்டே படியிறங்கிப் போயிட்டார்.

அன்னைக்கு அந்தப் புள்ள சாட்சி சொல்லியிருக்கணும். தனக்கு நடந்ததைச் சொல்லறதுக்கே புள்ளைக்குத் துணைக்குன்னு அரசாங்கத்துல போட்ட ஒரு மேடம் மாசக்கணக்காப் பேசிப் பேசித் தயார் பண்ணியிருந்தாங்களாம். ஜட்ஜம்மா எத்தனை பக்குவமாக் கேட்டும் புள்ள வாயே தொறக்கலை. கதவையே பார்த்துட்டு இருந்துச்சு. வேற தேதி குடுத்து அனுப்பிட்டாங்க. எனக்கு மெமோ வந்துச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். அது ஒண்ணும் வலிக்கலைங்க. சாயங்காலம் பஸ்ஸுல போறப்போ, இந்நேரம் அவங்க ஊருல போய் எறங்கியிருப்பாங்களேன்னு நெனச்சதுதான் தாங்க முடியலை.

அடுத்த தேதிக்கு வந்தாங்க. உதவியாளர் இன்னும் வேலைக்குத் திரும்பலை, நான்தான் இருந்தேன். அந்த அம்மா முன்னாடி போய் நின்னு மன்னிச்சுக்குங்கன்னேன். அவங்க சொல்லித்தான் மிச்சமெல்லாம் தெரிஞ்சுது. நான் கத்தின நாள் வரைக்கும் புள்ளைக்குக் கண்ணுல கோளாறு, கோயமுத்தூர் ஆசுபத்திரிக்குப் போறோம்னுதான் ஊருல சொல்லி வெச்சிருந்தாங்களாம். அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல எறங்கறதுக்குள்ளயே நாலு பேரு என்ன கேஸுன்னு கேட்டாச்சாம். "ஊடு மாத்திட்டோமுங்க. ஸ்கூலும் மாத்திட்டோம்"னாங்க. குரல்ல கோவம் இல்லை, அலுப்பு மட்டும்தான். கோவப்பட்டிருந்தாக் கூட எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

கிளார்க்கம்மா கண்ணைக் காட்டினாங்க. நான் ரூமுக்குள்ள போய், புள்ள பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, "வாரியா கண்ணு?"ன்னேன். பேரைச் சொல்லலை. அது என்னை நிமிந்து பார்த்துச்சு.

"நீங்கதான அன்னைக்குக் கத்துனீங்க?"

ஆமாம் கண்ணுன்னேன்.

"புது ஸ்கூல்ல யாருக்கும் தெரியாதுங்க. இனிமேல் கத்தாதீங்க."

சத்தியமாக் கத்த மாட்டேன்னேன். அது எந்திரிச்சு என் கூட வந்துச்சு. அன்னைக்கு எல்லாத்தையும் முழுசாச் சொல்லிருச்சுன்னு கிளார்க்கம்மா அப்புறம் சொன்னாங்க. நான் கதவுக்கு வெளிய, வராந்தாவுல போறவங்க யாரும் உள்ள எட்டிப் பார்க்காம மறைச்சுட்டு நின்னேன். காலு வலிச்சுது, உக்காரலை.

இப்ப பழைய கோர்ட்டுக்கே வந்துட்டேன். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்சம் வருசம் இருக்கு. தெனமும் பேரு கூப்பிட்டுட்டுத்தான் இருக்கேன், பொழப்பு அது. ஆனா மூணாவது தடவைக்கு வாயெடுக்கறப்போ அந்தச் சில்லுனு கை இன்னும் என் வாய் மேல வந்து ஒக்காருது, குரல் பாதியில எறங்கிருது. தொண்டை போயிருச்சா அம்மணின்னு வக்கீலுங்க கேக்கறாங்க. வயசாச்சுங்கன்னு சிரிச்சு வைக்கறேன். இத்தனை வருசத்துல எத்தனையோ பேரைக் கூப்பிட்டுட்டேன், ஒண்ணுகூட மனசுல நிக்கலை. அந்த ஒரு பேரு மட்டும் மறக்க மாட்டேங்குது. அதைச் சாகற வரைக்கும் வாய்க்குள்ளயே வெச்சுக்கறதுதான் அந்தப் புள்ளைக்கு இனி நான் செய்ய முடிஞ்ச ஒரே காரியம்.