காது இல்லாத ராணி

கருமத்தம்பட்டியில் எங்கள் வீடும் தறிக்கொட்டகையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். எட்டு விசைத்தறி ஓடும் சத்தத்தில் யாரும் யாரையும் காதால் கேட்பதில்லை; உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். இந்தப் பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமைதான் என் கண்ணைக் கட்டியது.

ஏழு வயது மகளுக்கு, அவள் சொல்லும் கதைகளில் வரும் ஆட்களை அவளே உருவாக்கி வரையக் கற்றுக்கொடுத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பரிசு வாங்கியவள். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. பென்சிலைத் தொடும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் சட்டம். இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? இந்த ஆள் எதற்குப் பயப்படும்? அதற்குப் பிறகுதான் வட்டம், கட்டம் போட்டு உடம்பு, கடைசியில் உடுப்பு.

அவள் ஒரு ராணியை உருவாக்கினாள். ராணிக்கு ஒரு குதிரை வேண்டும். பயம் என்ன என்று கேட்டேன்.

"கரண்ட் போனா பயப்படுவாங்க."

தறிக்காரர் வீட்டு ராணி வேறு எதற்குப் பயப்படுவாள் என்று நானும் என் வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ராணிக்குக் காது இல்லை. முகத்தில் பாதி வாய்தான்; பல், நாக்கு எல்லாம் அவ்வளவு கவனமாக வரைந்திருந்தாள். குதிரைக்கும் அப்படியே. காது போடச் சொன்னால் போடுவாள், நான் அந்தப் பக்கம் போனதும் அழித்துவிடுவாள். ஒரு வாரம் இதே கூத்து. "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று டீச்சரும் சொல்லியிருந்தார். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளைக்குக் காதில் என்ன குறை, வெறும் பிடிவாதம் என்று நான்தான் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் சுவரில் ஒட்டிய அந்தக் காதில்லாத முகங்களைத் தாண்டிப் போகும்போது எனக்கு என்னவோ போல இருக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய் எட்டுத் தறியும் நின்றன. ஓட்டில் மழை சொட்டுவதுகூடத் தனியாகக் கேட்டது. அவள் எனக்கு முதுகு காட்டி ஜன்னலோரம் வரைந்துகொண்டிருந்தாள். "கண்ணு" என்றேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். பென்சில் நிற்கவில்லை. மேசைமேல் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்துக் கீழே போட்டேன். சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவள் குதிரைக்கு வால் வரைந்துகொண்டிருந்தாள்.

அவள் எதிரில் உட்கார்ந்து, ராணி படத்தால் என் வாயை மறைத்துக்கொண்டேன். குதிரைக்கு என்ன பேர் என்று கேட்டேன். ஏதோ விளையாட்டு என்று அவள் சிரித்தபடி காத்திருந்தாள். மறுபடியும் கேட்டேன். குரல் நடுங்கியது. அது அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவள் தாளை விலக்கிவிட்டு, என் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா, இருட்டாகுது. அப்பறம் நீங்க பேசறது எனக்குத் தெரியாது."