கள்ளனைக் காட்டு என்று கேட்டேன்

வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையில் என் பக்கத்தில் இருந்து பாடுகிறவர்களுக்கு என் குரல் தெரியும், என் கதை தெரியாது. எழுதித் தரும்படி பலமுறை கேட்டும் நான் தட்டிக் கழித்து வந்தேன். பெருமையாகச் சொல்லக்கூடிய கதை இல்லை. ஆனால் எங்கள் அம்மன், அம்மாளாச்சி, செய்ததை மூடி வைப்பதும் சரியில்லை என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

2006ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எங்கள் வீடு பிளேஸ்டோவில். கணவர் மினிகாப் டாக்சி ஓட்டினார். நான் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். முன்னறையில் கேதீஸ் அண்ணை வாடகைக்கு இருந்தார். கணவரின் ஊர்க்காரர், சொந்தம் இல்லை. அவருடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் வவுனியாவில் இருந்தார்கள். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே கிடந்தது. மாதா மாதம் குரோய்டனில் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, முகம் வெளிறி வருவார். ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் பேச்சு வரும்.

அவருக்கு வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது, கேட்டால் சிரிப்பீர்கள். என் வங்கி அட்டையின் இலக்கத்தை, பின்பக்கத்து மூன்று இலக்கங்களோடு சேர்த்து, தொலைபேசிக்கு மேலே தொங்கிய தமிழ்க் காலண்டரில் எழுதி வைத்திருந்தோம். அதற்கு மேலே ஒரு பிள்ளையார் சுழி வேறு. ஊருக்குப் பேசத் தொலைபேசி அட்டை வாங்குவதென்றாலும், இணையத்தில் எதுவும் எடுப்பதென்றாலும் அந்த இலக்கம்தான். எடுத்தவர் அந்தக் காசைச் சுவாமி அறையில் குங்குமச் சிமிழுக்குக் கீழே வைத்துவிடுவார். கையில் தந்தால் நான் எண்ணிப் பார்க்கிறேன் என்று ஆகிவிடுமாம். சுவாமி அறை என்று நாங்கள் சொல்வது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அலுமாரி. குனிந்துதான் உள்ளே போகலாம்.

அந்த ஐப்பசியில் கணவரின் பெரியப்பா ஊரில் காலமானார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, சுவாமி அறைக் கதவைத் தொடவும் கூடாது. கேதீஸ் அண்ணைக்குத் துடக்கு இல்லை. விளக்கு நூர்ந்து கிடக்கக்கூடாது, தான் கொளுத்துகிறேன் என்று அவராகவே சொன்னார். சாத்திரப்படி சரியோ பிழையோ, எனக்கு அது ஆறுதலாக இருந்தது. நாங்கள் உள்ளே போவதில்லை என்பதால் அந்த நாட்களில் தொலைபேசி அட்டைக் காசை என் கையிலேயே தந்துவந்தார்.

துடக்குக்கு நடுவில் ஒருநாள் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் என் பணப்பையை யாரோ உருவிவிட்டார்கள். எனக்கு அது தெரியவே இல்லை. வேலையிடத்து லாக்கரில் விட்டுவிட்டேன் என்று நினைத்து, மறுநாள் போய்த் தேடிய பிறகுதான் களவு போனது விளங்கியது. வங்கிக்குத் தொலைபேசி எடுத்து அட்டையை நிறுத்தச் சொன்னபோது காலம் கடந்திருந்தது. கம்பியூட்டர், கைபேசி, ஏதோ ஒரு ஹோட்டல் அறை என்று இணையத்தில் வாங்கித் தள்ளியிருந்தார்கள். கணக்கில் காசில்லாமல் வீட்டுக் கடன் தவணை திரும்பிவிட்டது. கணவர் விடிய விடிய ஓடி உழைத்தது ஒரே நாளில் கரைந்தது. அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பட்ட காலிலேயே மறுபடியும் பட்டது. அந்த வாரம் குரோய்டனுக்குக் கையெழுத்து வைக்கப் போன கேதீஸ் அண்ணை திரும்பி வரவில்லை. அங்கேயே பிடித்துத் தடுப்பு முகாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள். கைபேசியையும் வாங்கிவிட்டார்களாம். அவருடைய சட்டத்தரணி பேசினார். திங்கட்கிழமை பிணை விசாரணை, நல்ல பெயருள்ள ஒருவர் வந்து பிணை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்றார். போர் மறுபடி மூண்டிருந்த அந்த நேரத்தில் திருப்பி அனுப்பப்படுகிற ஆளுக்குக் கொழும்பில் என்ன காத்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கணவர் உடனே தான் நிற்பதாகச் சொன்னார்.

அடுத்த நாள் வங்கியின் மோசடிப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். செலவுகளை ஒவ்வொன்றாக வாசித்து, இது உன்னுடையதா, இல்லையா என்று கேட்டாள். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியாக ஒன்று வாசித்தாள். இலங்கைக்குப் பரிசுப் பொருள் அனுப்புகிற ஓர் இணையக் கடை. அது பணப்பை களவு போவதற்கு முதல்நாள் நடந்திருந்தது. உன் இலக்கம் வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்று என் வாய் சொன்னது, என் மூக்குக்கு முன்னால் காலண்டர் தொங்கியது. அந்தக் கடைசிச் செலவைப் பற்றி மட்டும் கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை காலை மறுபடி தொலைபேசி எடுப்பதாகவும், என்னுடையது இல்லை என்றால் பொலிசுக்குப் போகும் என்றும், அவர்கள் அந்தக் கடையில் விசாரித்து ஆளைப் பிடிப்பார்கள் என்றும் சொன்னாள்.

கணவருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. அந்தக் கடைக்கு அவரே தொலைபேசி எடுத்துக் கேட்டார். வாடிக்கையாளர் விபரம் பொலிசுக்குத்தான் சொல்வோம் என்றுவிட்டார்கள். பஸ்ஸில் திருடியவனுக்கு இலங்கையில் யார் இருக்கிறார்கள்? வீட்டுக்குள் இலக்கம் தெரிந்தவர் இன்னொருவர்தான்.

"பெண்சாதி பிள்ளையள் பட்டினி எண்டு அழுதுகொண்டு எங்கடை காசிலை பரிசு அனுப்பியிருக்கிறான். கள்ளனுக்குப் பிணை நிக்க என்னாலை ஏலாது. நீர் வெள்ளிக்கிழமை உள்ளதைச் சொல்லும்," என்றார்.

அன்று பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கணவர்தான் எடுத்தார். ஒரு விநாடி கேட்டுவிட்டு, பேசாமல் வைத்துவிட்டார். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை.

எனக்கும் சந்தேகம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். நான் சோறு போடும்போது மீனில் பெரிய துண்டை, விடிய விடிய ஓடுகிற மனிசன் சாப்பிடட்டும் என்று என் கணவருக்கு ஒதுக்கித் தருகிற மனிதர் அவர். அவரா என்று நினைத்தால் மனம் ஒப்பாது. வேறு யார் என்று நினைத்தால் ஆள் இல்லை. சட்டத்தரணி மூலம் அவரிடமே கேட்பிக்கவும் பயம், களவு என்று காதில் விழுந்தால் அவர் பிணை வழக்கையே விட்டுவிடுவாரோ என்று. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் பொலிஸ், பிறகு வழக்கு, பிறகு விமானம். ஓம் என்று சொன்னால் களவுக்கு நான் துணை.

பூட்டிய அலுமாரிக்கு வெளியே, வெறும் தரையில் இருந்து அழுதேன். விளக்கும் இல்லை, பூவும் இல்லை. துடக்கு வாயால் பாட்டும் பாட முடியாது. மனதுக்குள் ஒன்றையே சொன்னேன். அம்மாளாச்சி, கள்ளனைக் காட்டு. என் வாயால் ஒரு பிழையான சொல் வரவிடாதே. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து அதே இடத்தில் இருந்தேன். ஒரு பதிலும் வரவில்லை. அவளும் எங்களோடு சேர்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்கிற அந்தியேட்டி முடிந்ததாக ஊரிலிருந்து தகவல் வந்தது. தலைக்குக் குளித்து, வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பின்னேரம் அலுமாரியைத் திறந்தேன். கேதீஸ் அண்ணை கடைசியாக வைத்த செவ்வந்திப் பூ காய்ந்து கிடந்தது. விளக்கில் எண்ணெய் பிசினாகிப் போயிருந்தது. படத்தைத் துடைப்பதற்காகக் குங்குமச் சிமிழைத் தூக்கினேன்.

கீழே ஒரு வெற்றிலை, சருகாகி இருந்தது. வெற்றிலைக்குள் காசு. நோட்டும், சில்லறையும்கூட.

எண்ணிப் பார்த்தேன். வங்கிப் பெண் கடைசியாக வாசித்த அதே தொகை, ஒரு பென்சும் குறையவில்லை. சத்தம் போட்டுக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து உள்ளே வந்து, வெற்றிலையையும் காசையும் பார்த்தார். அப்படியே படத்துக்கு முன்னால் இருந்துவிட்டார்.

மறுநாள் காலை வங்கிப் பெண் எடுத்தாள். அந்தச் செலவு என்னுடையது என்றேன். காலண்டர் கதையையும் முழுதாகச் சொன்னேன். நன்றாக ஏசினாள், வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை கணவர் கோட் போட்டுக்கொண்டு போய்ப் பிணை நின்றார். பின்னேரம் இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். கேதீஸ் அண்ணை மெலிந்து, தாடி வளர்ந்து, வேறு யாரோ போல் இருந்தார். சப்பாத்தைக் கழற்றியதும் நேரே அலுமாரியடிக்குத்தான் போனார்.

"விளக்கு எரியுது. கொளுத்த ஆளில்லையே எண்டுதான் உள்ளுக்கை யோசிச்சுக்கொண்டு இருந்தனான்," என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "தங்கச்சி, சிமிழுக்குக் கீழை காசு வைச்சனான். எடுத்தனீங்களோ?"

"ஓம் அண்ணை."

வவுனியாவில் அவருடைய மூத்த மகள் பெரியபிள்ளையாகி இருந்தாளாம். தகப்பன் பக்கத்தில் இல்லையே என்று ஒரு சேலையும் கேக்கும் அனுப்பியிருக்கிறார். துடக்கு வீட்டில் நல்ல செய்தி சொல்லக்கூடாது, நல்ல காரியத்துக் காசைத் துடக்குக் கையில் தரவும் கூடாது என்று அம்மாளாச்சியிடம் வைத்திருக்கிறார். துடக்கு முடிந்ததும் சொல்லுவோம் என்று இருந்தவரைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ஒருநாள் போன் எடுத்தனான், சொல்லுவம் எண்டு. லைன் அறுந்து போச்சு," என்றார்.

கணவர் குனிந்து, ஏற்கனவே கழற்றிய சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கேதீஸ் அண்ணைக்கு எல்லாம் தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

திருடியவன் அகப்படவே இல்லை. போன காசைப் பல மாதங்களுக்குப் பிறகு வங்கி திருப்பித் தந்தது. கேதீஸ் அண்ணைக்கு விசா கிடைத்து, பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் அந்த மூத்தவள் உடுத்தி வந்தது அந்தச் சேலைதான். காலண்டரை நான் வங்கிப் பெண் ஏசிய அன்றே கிழித்துப் போட்டேன். சிமிழ் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

நான் கள்ளனைக் காட்டச் சொன்னேன். அவள் காட்டவில்லை, இனிக் காட்டவும் வேண்டாம். கள்ளன் இல்லாத ஒருவரை என் வாயிலிருந்து காப்பாற்றித் தந்தாளே, அது போதும். என்னைப்போல் வழி தெரியாமல் நிற்கிறவர்கள் அவளை நம்பிக் கொஞ்சம் பொறுத்திருங்கள். ஒருவரைக் கள்ளன் என்று சொல்ல வாயைத் திறக்குமுன், அவளுடைய கதவை ஒருமுறை திறந்து பாருங்கள்.