பின்பக்கம் பார்க்காத மஞ்சள் அட்டை

அந்த மஞ்சள் அட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்த்தவர். ஒரு பாகம் நல்லதா கெட்டதா என்று சந்தேகம் வந்தால் இந்த அட்டையைக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். கட்டியவர் வந்து சொல்லும்வரை வேறு யாரும் தொடக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃபேக்டரியில் பதினொரு வருடம் லைனில் நின்று வேலை பார்த்தவள் நான். அந்தச் சட்டம் எனக்கும் ஊறிப்போயிருந்தது. அதுதான் வினையாயிற்று.

அவருக்கு புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோது ரிப்போர்ட்டில் பத்துக்கு ஒன்பது என்று போட்டிருந்தது. நல்ல மார்க்குதானே என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தேன், பைத்தியக்காரி. எண் ஏற ஏற நோயின் வேகம் அதிகமாம். தண்டலம் பக்கத்து டாக்டர் ஆபரேஷன் என்றார். சென்னையில் இன்னொருவர் கதிர்வீச்சும், ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியும் என்றார். எது சரி என்று அவரையே கேட்டால், "ரெண்டும் சரிதாம்மா, ரெண்டுலயும் கஷ்டமும் உண்டு. நீங்க பேசி முடிவு பண்ணுங்க" என்கிறார். ஒன்று சரியென்றால் மற்றது தப்பாகத்தானே இருக்க வேண்டும்? ஆபரேஷன் என்றால் சிறுநீர் அடங்காமல் போகலாம். ஊசி என்றால் உடம்பு எரியும், எலும்பு தேயும். தாம்பத்தியம் இரண்டிலும் போய்விடலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னபோது, இவர் மேஜை மேலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுநாள் காலை அவருடைய ஆஸ்பத்திரி ஃபைலில் மஞ்சள் அட்டை தொங்கியது. சரி, மனுஷன் யோசிக்கிறார், அவரே அவிழ்ப்பார் என்று விட்டுவிட்டேன். தூசி தட்டும்போதுகூட ஃபைலைச் சுற்றித்தான் தட்டினேன். மூன்று வாரம் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாய்யா நெனச்சிக்கினு கீற? எப்பதான் அத அவுப்ப?"

"நீ அவுப்பேன்னுதான் நான் காத்துக்கினு கீறேன். பின்னால பாக்கலியா?"

திருப்பிப் பார்த்தேன். அவர் கம்பெனி அட்டையில் முடிவு எடுக்க வேண்டியவர் என்று தனி இடமே உண்டு. அதில் என் பெயர், முத்து முத்தான எழுத்தில். அட பாவி மனுஷா!

"என் தலையில ஏன்யா கட்டுன?"

"எனக்கு ஒண்ணும் புரியல. எதுவானாலும் கூட இருந்து தாங்கப் போறது நீதானே."

கோபத்தில் அழுதேன். பிறகு ஊசியும் கதிர்வீச்சும் என்றேன். கத்தியை நினைத்துப் பயம், வேறு ஞானம் ஒன்றுமில்லை. அட்டையின் கீழே சரி, தப்பு என்று இரண்டு கட்டம் உண்டு. எதிலும் டிக் போடாமலே அவிழ்த்தேன். எனக்கு மாதவிடாய் நிற்கிற சமயம் அது. ஊசி போட்ட அவருக்கும் என்னைப் போலவே திடீர் திடீரென்று வேர்க்கும். "நானும் உன் செட்டுல சேந்துட்டேன்டி" என்று ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சிரிப்பார்.

நாலாவது வருடம் நோய் எலும்புக்குப் போய்விட்டது. அந்த மூன்று வாரத்தால் ஒன்றும் கெட்டிருக்காது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்திருந்தால் என்று கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

உயிரோடிருந்த கடைசி வாரம் இவர் அட்டையைக் கேட்டார். "குடு, சரின்னு நானே போட்டுடறேன்" என்று கை நீட்டினார். "அதுல என் பேருதான் கீது, நீ போடக் கூடாது" என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தபடி கையை மடக்கிக்கொண்டார்.

இரண்டு கட்டமும் காலியாகவே இருக்கின்றன. அன்றைக்கு அவரிடம் பேனாவைக் கொடுத்திருக்கலாம்.