தண்ணீர் என்று யாரிடம் சொல்வது

தண்ணி லாரி ஓட்டியே தலை நரைத்தவர் அவர். சண்டை தொடங்கியதும் லாரியின் பின்பக்க வால்வில் கயிறு கட்டி, ஜன்னல் வழியாக சீட்டுப் பக்கம் கொண்டுவந்திருந்தார். மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் கயிற்றைச் சுண்டுவார். ரோட்டில் தண்ணீர் கொட்டும். எண்ணெய் லாரி இல்லை என்று தெரிந்து மேலே இருப்பவன் போய்விடுவான். ஒருத்தன் சிரித்துக் கையாட்டிவிட்டே போனான்.

அன்று காலை மகளுக்குப் பெண் குழந்தை. குண்டில் குழாய் உடைந்து, பிரசவ ஆஸ்பத்திரியில் கை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. பேத்தி பிறந்த சேதி கேட்டதிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினார். பக்கத்தில் மச்சினன்.

"கொழந்தைக்கு என் மூக்காம் மாமா. நர்சு போன்ல சொன்னாங்க."

"மூக்கோட நிக்கட்டும் மாப்ள. உன் வாய் வந்துச்சுன்னா வீடு தாங்காது."

வளைவு திரும்பும்போது தலைக்கு மேல் ரீங்காரம். பருந்து அளவில் கறுப்பாக ஒரு இயந்திரம் வட்டமடித்தது. அவர் பிரேக்கை மிதித்தார்.

"இது புதுசுடா! இத ஓட்ட ஆளே கெடையாதாம். அதுவே பாக்குமாம், அதுவே அடிக்குமாம். குதி!"

"ஆளில்லாம எப்படி மாமா? எங்கயாவது ஒருத்தன் டீ குடிச்சிக்கிட்டுப் பாத்துட்டுதான் இருப்பான். நீங்க எறங்குங்க, நான் தண்ணியக் காட்டுறேன்."

அவர் குதித்தார். பின்னால் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக் கத்தினார்.

"தண்ணிப்பா! ஆஸ்பத்திரிக்குத் தண்ணி!"

அது தயங்கவே இல்லை. நேராக லாரியின் முன்பக்கத்தில் விழுந்தது.

கண் திறந்தபோது அவர் சேற்றில் கிடந்தார். முன்பக்கம் எரிந்துகொண்டிருந்தது. சீட்டில் இடுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. ரோட்டில் ஒரு கை மட்டும் கிடந்தது, கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி. எதிரே வந்த சைக்கிள்காரர் வண்டியைப் போட்டுவிட்டு, "பெரியவரே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். காத்திருந்தது போல இன்னொன்று இறங்கியது. சைக்கிள்காரர் துண்டு துண்டாகச் சிதறினார்.

மேலே மிச்சமிருந்த ரீங்காரமும் அடங்கும்வரை கிழவர் மூச்சைப் பிடித்துக் கிடந்தார். தன்னை ஏன் விட்டது என்று அவருக்குத் தெரியாது. பிறகு மச்சினன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையைத் தன் சட்டையில் சுற்றி ரோட்டோரமாக வைத்தார். ஓட்டை விழுந்த டேங்கின் அடியில் இன்னும் ஒழுகியது. ஒரு கேனில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்சு அலறினாள். "ஐயோ, யாருங்க அடிச்சது?"

திட்ட வாயெடுத்தார். ஒரு மூஞ்சியும் கிடைக்கவில்லை.

"யாருமில்லம்மா. யாருமே இல்ல அதுல."

உள்ளே மகள் குழந்தையை நீட்டினாள். "பாருங்கப்பா, அப்படியே மாமா மூக்கு! எங்க அவரு?"

அவர் ரத்தம் காய்ந்த தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கழுவலாம்தான். இருந்த தண்ணீர் குழந்தைக்கே போதாது.